நன்றியுரைக்கு முன் யாரும் எழ வேண்டாம்

ஜனவரி 4, சனி

எங்கள் கலை மையத் தலைவரின் பம்புசெட் நிறுவனம் ஆண்டுதோறும் எங்களுக்குத் தரும் டைரி இது. முதல் பக்கத்தில் பெயர், இரத்த வகை, பதவி என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். சாலையில் அடிபட்டுக் கிடந்தால் உதவுமாம். பெயர்: விசாகன். இரத்தம்: ஓ பாசிட்டிவ். பதவி: சமூகக் கலைத்திட்ட மேலாளர், செங்காந்தள் கலை மையம், கோயம்புத்தூர். மூன்றாவது கோட்டைப் படித்துவிட்டு யாரும் ஆம்புலன்ஸை அவசரப்படுத்தப் போவதில்லை.

என் வேலை எளிது. பம்புசெட் விற்ற பணத்தில் கட்டிய கட்டடத்துக்குள், மதிலுக்கு வெளியே இருப்பவர்களை வாரம் ஒருமுறை அழைத்து வந்து கலையில் ஈடுபடுத்த வேண்டும். ஈடுபடும்போது படம் எடுக்க வேண்டும். படம் சரியாக வரவில்லை என்றால் மறுபடி ஈடுபடுத்த வேண்டும்.

இன்று இயக்குநர் மதுவந்தி அழைத்தார். பிப்ரவரியில் மையத்தின் பத்தாம் ஆண்டு விழா. அதில் சனிக்கிழமை வகுப்புப் பெண்களின் நாடகம் உண்டு, நாற்பது நிமிடம். "உங்க கம்யூனிட்டிதான் விசாகன் இந்த வருஷம் ஹைலைட்" என்றார். மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அவருடையது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்னுடையவர்கள்.

வகுப்பில் சொன்னேன். சென்ற ஆண்டுச் சிற்றேட்டின் அட்டையில் இருப்பவர் மயிலாத்தாள். மதில் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர். கையில் இஸ்திரிப் பெட்டியோடு சிரித்தபடி எடுத்த படம் அது. பெட்டி கறுப்பாக, சோகமாக இருக்கிறது என்று வடிவமைத்தவர் அதை மட்டும் அழித்துவிட்டார். இப்போது மயிலாத்தாள் காற்றைப் பிடித்துக்கொண்டு காரணமில்லாமல் சிரிக்கிறார். அடியில் 'கலை அனைவருக்கும்' என்று அச்சிட்டிருக்கிறது.

"நாப்பது நிமிசமுங்களா? மேடையிலயா, இல்ல காரு நிறுத்தற எடத்துலயா?" என்றார்.

"மேடையிலதான் மயிலக்கா. ஏசி அரங்கம்."

"ஏசீன்னா எனக்குத் தொண்டை கட்டிக்குமுங்க. சுடுதண்ணி வெச்சிருங்க."

மேடை ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே நட்சத்திரமாகிவிட்டார்.

மாலையில், இஸ்திரிக்குப் போட்டிருந்த என் சட்டைகளை அவரிடம் வாங்கினேன். வெள்ளைச் சட்டையின் முதுகில் பழுப்பு நிறத்தில் ஒரு முக்கோணம். "கோட்டுப் போட்டுட்டா தெரியாதுங்க சார்." என்னிடம் கோட்டு கிடையாது என்றேன். "அதுக்கு நான் என்னுங்க பண்றது?" என்றார். இந்த நகரத்தின் மிக மோசமான இஸ்திரி இவருடையது. நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழேயே ஓர் இஸ்திரிக் கடை இருக்கிறது, நல்ல வேலைக்காரர். ஆனால் அந்த ஆள் வாயே திறப்பதில்லை.

ஜனவரி 8, புதன்

மதில் ஓவியத்துக்கு ஓவியர் வந்துவிட்டார். தலைப்பு 'உழைப்பின் நிறங்கள்'. கீரை விற்பவர், செருப்புத் தைப்பவர், நடுவில் மதிலின் முழு உயரத்துக்கு ஓர் இஸ்திரி போடும் பெண். மயிலாத்தாளின் சிற்றேட்டுப் படத்தைப் பார்த்துத்தான் முகம் வரைகிறார். கையில் பெட்டி இல்லாததால், அவள் என்ன செய்கிறாள் என்று என்னைக் கேட்டார்.

ஒரு சிக்கல். அந்தப் பெண் வர வேண்டிய இடத்துக்கு நேர் முன்னால் மயிலாத்தாளின் வண்டி நிற்கிறது.

"அந்த வண்டி வியூவை பிளாக் பண்ணுது விசாகன்" என்றார் மதுவந்தி. அந்த வண்டிதான் வியூ என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்குபவன் சொல்லாமல் விட்டவற்றைத் தொகுத்தால் நல்ல நூலாக வரும்.

மாநகராட்சியில் பேசிவிட்டார்களாம். விழாவுக்கு மறுநாள் வண்டியை அப்புறப்படுத்துவார்கள், நிரந்தரமாக. அதுவரை விட்டுவைப்பதற்குக் காரணம் கருணை. நாடகம் முடியும் வரை சமூகத்தின் மனம் புண்படக் கூடாது. மயிலாத்தாளிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வது என் பொறுப்பு.

ஜனவரி 11, சனி

பக்குவமாகச் சொன்னேன்.

"எங்க போகச் சொல்றாங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம், சாக்கடை ஓரமா இடம் இருக்காம்."

"அங்க யாருங்க துணி கொண்டுட்டு வருவாங்க? இந்த அப்பார்ட்மெண்டுக்காரங்க கேட்டைத் தொறந்து நாலு எட்டு வெப்பாங்க. அஞ்சாவது எட்டு வெக்கோணும்னா வீட்டுலயே மிசினு வாங்கிப்போடுவாங்க." கரியை ஊதினார். "தலைவருகிட்ட நான் பேசறேனுங்க."

"அவரைப் பார்க்க முடியாதுக்கா."

"ஏனுங்க, மனுசர்தானுங்களே? கோனியம்மனையே வெள்ளிக்கிழமையானா போய்ப் பாத்துப்போடறேன்."

இதுவரை மூன்று முறை முயன்றிருக்கிறார். இரண்டு முறை காவலாளி தடுத்தார். ஒரு முறை தலைவரே காரின் கண்ணாடியை இறக்கி, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வகுப்புக்கு வந்த எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பேசியது ஷகிலா, தையல்காரர். ரவிக்கை அளவு எடுக்கும்போதே எதிரில் நிற்பவரின் குடும்ப வரலாற்றையும் எடுத்துவிடக்கூடியவர். "நாடகத்துல கேட்டுப்போடலாம்க்கா. அன்னிக்கு அந்தாளு மொத வரிசையில உக்காந்திருப்பாருல்ல? எங்க ஓடுவாரு?"

ஒரு மணி நேரத்தில் புது நாடகம் தயாராகிவிட்டது. பெயர் 'வண்டியத் தள்ளு'. யார் வந்தாலும் வண்டியைத் தள்ளச் சொல்கிறார்கள்: கட்டடம் கட்டும் மேஸ்திரி, அமைச்சரின் ஊர்வலம், மாரத்தான் ஓடுபவர்கள், கடைசியில் ஓர் ஓவியர். வண்டி தெரு முழுக்கச் சுற்றி வருகிறது. இறுதிக் காட்சியில் மயிலாத்தாள் மேடை விளிம்புக்கு வந்து தலைவரிடம் நேராகவே கேட்பார், இடம் உண்டா இல்லையா என்று.

மக்கள் அரங்கம் பற்றி நான் அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். பார்வையாளரை விழிப்படையச் செய்வது எப்படி என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள். அவரை எழுந்து போகாமல் உட்கார வைப்பது எப்படி என்று ஒரு வரி கிடையாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மதுவந்தி மையத்தின் முத்திரை போட்ட வாழ்த்துப் படம் அனுப்பியிருந்தார். பானையில் பொங்கிய நுரை நீல நிறம். பொங்கியது என்ன என்று கேட்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

அழைப்பிதழ்க் கூட்டம். கலை மையத்தில் ஆண்டு முழுவதும் நடக்கும் வேலைகளில் உண்மையான ஆர்வத்தோடு நடப்பது இது ஒன்றுதான். தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரை யார், யார் பெயருக்கு மேல் யார் பெயர். தலைவர் சென்னியப்பன் தலைமை. அவருடைய மைத்துனர் முன்னிலை. மைத்துனரை வாழ்த்துரையில் போட்டால் போதாதா என்று ஓர் இளைஞர் கேட்டார். எல்லோரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஊருக்குப் புதியவர்.

சிறப்புரை ஒரு முன்னாள் துணைவேந்தர். பெங்களூரிலிருந்து நிதி நிறுவனத்தின் அம்மையார் ஒருவர் வருகிறார். அவர் தரும் நிதி 'சமூகத்தின் குரல்' என்ற இனத்தில் வருவதால், அவர் பேச நேரம் வேண்டும். நாடகத்திலிருந்து இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள்.

நன்றியுரை: விசாகன். பத்து ஆண்டுகளாக அதே வரி, அதே எழுத்தளவு.

"இந்தத் தடவை யாரையும் விட்டுடாதீங்க" என்றார் மதுவந்தி. சென்ற ஆண்டு மைத்துனரின் பெயரை விட்டுவிட்டேன். கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேனுங்க" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. கோழிப் பண்ணைகள் வைத்திருப்பவர், ஐம்பது பேருக்கு வேலை கொடுப்பவர். ஒலிபெருக்கிக்காரரின் பெயருக்கும் தேநீர் தந்தவரின் பெயருக்கும் நடுவே தன் பெயர் வரும் என்று காத்திருந்திருக்கிறார்.

இவர்களை என்ன சொல்வது? தன் பெயரை யாராவது மைக்கில் சொல்ல வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதைப் போல இழிந்த காட்சி வேறு இல்லை.

ஜனவரி 22, புதன்

நாடகம் இப்போது பத்து நிமிடம். முன்னாள் துணைவேந்தருக்குப் பண்டைக் கூத்து வகைகள் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். கூத்தைப் பற்றிப் பேசுவதற்காகக் கூத்தைக் குறைப்பதில் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது.

ஜனவரி 25, சனி

எதை வெட்டுவது என்று ஒத்திகையில் சண்டை. எல்லோரும் பெருந்தன்மையாக மற்றவர்களின் காட்சிகளை விட்டுக்கொடுத்தார்கள்.

"மாரத்தானை எடுத்துப்போடலாம்" என்றார் மயிலாத்தாள்.

"ஏன், அதுல நான் ஓடறேன்னா?" என்றார் ஷகிலா. "நீங்க சாகற சீனை எடுங்க."

"அதைய எடுத்தா நாடகத்துல என்ன இருக்குது?"

நாடகத்தில் யாரும் சாகவில்லையே என்றேன்.

"நேத்துச் சேத்துனேனுங்க. வண்டி மேலயே உசுரு போயிருது. அப்பறம் எந்திரிச்சு வந்து தலைவருகிட்டக் கேக்கறேன்."

செத்தவர் எப்படிக் கேட்பார் என்று ஷகிலா கேட்டார். உயிரோடு இருந்தபோது கேட்டு யார் பதில் சொன்னார்கள் என்றார் மயிலாத்தாள். இது நான் எழுதிக் கொடுத்த வசனம் அல்ல. நான் எழுதிக் கொடுத்தவற்றை முதல் வாரமே தூக்கிப் போட்டுவிட்டார்கள். படிக்க நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

ஜனவரி 29, புதன்

நாடகம் இல்லை.

"நேரம் ரொம்ப டைட்டா இருக்கு. அதுக்குப் பதிலா மயிலாத்தாளுக்கு மேடையில பொன்னாடை போத்தலாம். தட்ஸ் மோர் டிக்னிஃபைட்" என்றார் மதுவந்தி. ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை, திங்கட்கிழமை மாநகராட்சி லாரி.

மறுத்துப் பேசினேன் என்று எழுத ஆசை. "சரிங்க மேடம்" என்றுதான் சொன்னேன். பொன்னாடைகள் எத்தனை தேவைப்படும் என்றும் கேட்டுக்கொண்டேன். சென்ற ஆண்டுப் பொன்னாடைகள் கிடங்கில் இருக்கின்றன. அவற்றில் சில அதற்கு முந்தைய ஆண்டுடையவை. ஒரே பொன்னாடையைத் தலைவர் ஒருவருக்குப் போர்த்தி, அவர் தலைவருக்கே திரும்பப் போர்த்தி, அது நான்கு ஆண்டுகளாக மேடைக்கும் கிடங்குக்கும் போய்வருகிறது. இந்த மையத்தில் அதிகமுறை மேடையேறிய கலைஞர் அதுதான்.

பிப்ரவரி 1, சனி

வகுப்பில் சொல்லிவிட்டேன். யாரும் அழவில்லை, கத்தவில்லை. ஷகிலா மட்டும் "நமக்குத் தகுந்த சால்வைதான்" என்றார்.

"அந்தத் துணியை இஸ்திரி போட முடியாதுங்க" என்றார் மயிலாத்தாள். "சூடு பட்டாச் சுருங்கிக்கும்." பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. வசதியாக இல்லை.

எதையாவது பேச வேண்டுமே என்று விழாவைத் திட்டத் தொடங்கினேன். பேச்சுக்காகத்தான். இந்த விழாவில் எதை வேண்டுமானாலும் வெட்டுவார்கள், நன்றியுரையை மட்டும் வெட்டவே மாட்டார்கள் என்றேன். அது முடியாமல் நாட்டுப்பண் கிடையாது. தன் பெயர் வரும் வரை ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள், வீடு தீப்பற்றி எரிகிறது என்று செய்தி வந்தாலும் என்றேன். மைத்துனரின் கண்ணீரையும் சொன்னேன்.

"நன்றி சொல்றது யாருங்க?"

"நான்தான்."

"எவ்வளவு நேரம் சொல்லலாமுங்க?"

"அதுக்கு நேரக் கணக்கு போட்டதில்லை."

"நடுவுல யாராச்சும் வந்து நிறுத்தச் சொல்லுவாங்களா?"

"யாரு நிறுத்துவாங்க? நிறுத்தினா அவங்க பேரு வராதே."

மயிலாத்தாள் ஷகிலாவைப் பார்த்தார். ஷகிலா என்னைப் பார்த்தார். எனக்கு அலுவலகத்தில் வேலை இருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

தொண்டை கட்டியிருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

தொண்டை இன்னும் சரியாகவில்லை. விழாவுக்குள் தேறாது என்று மதுவந்தியிடம் கரகரத்தேன். நன்றியுரையை வகுப்புப் பெண்களில் ஒருவரே சொல்லலாமே என்றும் சொன்னேன். பெங்களூர் அம்மையார் வருகிறார், 'சமூகத்தின் குரல்' என்பதற்கு அதைவிடப் பொருத்தம் என்ன இருக்கிறது?

மதுவந்தியின் முகம் மலர்ந்தது. "விசாகன், தட்ஸ் ஸோ பவர்ஃபுல். இத்தனை வருஷத்துல உங்ககிட்டேருந்து வந்த முதல் ஐடியா." அழைப்பிதழைத் திருத்தி அச்சிடச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஷகிலா கடையில் ரோஸ்மில்க் வாங்கித் தந்தார், ஐஸ் போட்டு. குடித்தேன். வெயில் அதிகம்.

பிப்ரவரி 8, சனி

நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை எழுதி மயிலாத்தாளிடம் கொடுத்தேன். ஒருவரையும் விடக் கூடாது என்றேன். யாரை முதலில் சொல்வது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒத்திகை அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரே சிரிப்பு. நான் போகவில்லை. நன்றியுரைக்கு ஒத்திகை எதற்கு?

மதில் ஓவியம் முடிந்துவிட்டது. வண்டியைத் தாண்டி அந்தப் பெண்ணின் தலை மட்டும்தான் தெரிகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

எல்லாம் முறைப்படி நடந்தது. குத்துவிளக்கின் முதல் திரியை ஏசிக் காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி அணைந்தது. கடைசியில் ஏற்றியதாக வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். தலைவர் தான் எப்படிப் படிக்க வசதியில்லாமல் வளர்ந்தார் என்று பேசினார், படித்தவர்கள் தன்னிடம் எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று முடித்தார். முன்னாள் துணைவேந்தர் பண்டைக் கூத்து வகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இப்போது ஒன்றும் மிச்சமில்லை என்று வருந்தினார். பெங்களூர் அம்மையார் குரலற்றவர்களின் குரலாக நிற்பது பற்றி ஆங்கிலத்தில் பேசினார். மயிலாத்தாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடைக்கும் கிடங்குக்கும் போய்வருகிற அதே பொன்னாடை, விளிம்பில் காபிக் கறையை வைத்து அடையாளம் கண்டேன்.

"நிறைவாக நன்றியுரை" என்றார் தொகுத்து வழங்கிய பெண்.

மயிலாத்தாள் வந்தார். தோளில் பொன்னாடை, கையில் இஸ்திரிப் பெட்டி.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒருத்தரையும் உடாம நன்றி சொல்லோணும்னு சார் சொல்லியிருக்கறாருங்க. சின்னவங்க பேரு மொதல்ல வரும், பெரியவங்க பேரு கடைசியில வரும். பொறுமையா உக்காந்திருக்கோணும்."

முன்வரிசையில் பாதி எழுந்திருந்த மைத்துனர் உட்கார்ந்தார்.

"மொதல்ல, இந்தக் கட்டடம் கட்டறப்ப எம்பட வண்டியத் தள்ளச் சொன்ன மேஸ்திரிக்கு நன்றிங்க."

தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஷகிலா பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்தார். "ஏ அக்கா! வண்டியத் தள்ளு!" வண்டிக்கு எங்கே போவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சாளர்கள் மைக்கில் பேசும் மையத்தின் போடியத்துக்குச் சக்கரம் உண்டு. முன்பக்கம் செங்காந்தள் முத்திரையோடு, மைக்கோடு, அதை உருட்டிக்கொண்டு மேடையின் மறுகோடிக்குப் போனார்கள். "மேஸ்திரிக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, காப்பி குடுத்தவங்களுக்கு நன்றி." அடுத்து அமைச்சரின் ஊர்வலம், அதன் முடிவில் காவலாளிக்கும் பந்தல்காரருக்கும் நன்றி. அடுத்து மாரத்தான். ஷகிலா உண்மையாகவே ஓடினார், போடியத்தை மூன்று முறை சுற்றி. பின்வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். முன்வரிசையில் யாரும் எழவில்லை. ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் சில பெயர்கள் வந்தன, தங்கள் பெயர் இல்லை என்று தெரிந்ததும் மீண்டும் சாய்ந்துகொண்டார்கள்.

மதுவந்தி தொகுப்பாளர் பெண்ணை மேடையை நோக்கித் தள்ளிவிட்டார். அவள் மேடையேறி மயிலாத்தாளின் காதில் ஏதோ சொன்னாள்.

"இந்தக் கண்ணுக்கும் நன்றி சொல்லோணுமுங்க. உம்பேரு என்ன கண்ணு?"

"ஆதிரை" என்றாள் மைக்கில்.

"ஆதிரைக்கு நன்றி." கைதட்டல். அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மைத்துனரின் பெயர் வந்தபோது அவர் எழுந்து அரங்கத்தின் நான்கு பக்கமும் கும்பிட்டார். முன்னாள் துணைவேந்தருக்கு, "கூத்தே இல்லீன்னு வெசனப்பட்டுட்டு இருந்தாருங்க, அவரு மனசு ஆறட்டும்" என்று நன்றி. பிறகு, "எம்பட படத்தை அட்டையில போட்டு, எம்பட பொட்டிய மட்டும் எடுத்துப்போட்ட மதுவந்தி அம்மாவுக்கு" நன்றி. கேமரா திரும்பியதால் மதுவந்தி புன்னகைத்தார். சாகும் காட்சியையும் வைத்திருந்தார்கள். சற்றும் தேவையில்லை. கைதட்டல் கேட்டு இரண்டாம் முறையும் செத்தார்.

நாற்பது நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். ஒரு காட்சியும் வெட்டப்படவில்லை.

மிச்சமிருந்தது ஒரே பெயர். தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். மயிலாத்தாள் மேடை விளிம்புக்கு வந்து நின்றார். இடம் உண்டா இல்லையா என்று கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். நாடகத்தில் அப்படித்தான் இருந்தது.

"கடைசியா நம்ம ஐயா சென்னியப்பன் அவர்களுக்கு நன்றிங்க."

அதுவரை காத்திருந்த தலைவரின் கைகள் தாமாகவே குவிந்தன.

"எதுக்குன்னா, செவுத்துல இருக்கற மயிலாத்தாளும் இருக்கட்டும், ரோட்டுல இருக்கற மயிலாத்தாளும் இருக்கட்டும்னு மனசு வெச்சதுக்குங்க. எந்தக் காலத்துலயும் எம்பட வண்டி அந்த மரத்தடியிலயேதான்னு வாக்குக் குடுத்ததுக்குங்க. அந்த வாக்குக்கு எங்க எல்லாத்து சார்புலயும் நன்றிங்க ஐயா."

அரங்கம் அதிர்ந்தது. பெங்களூர் அம்மையார் எழுந்து நின்று கைதட்டினார், அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். எதற்காக நன்றி என்பது தலைவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அதற்குள் கும்பிட்ட கைகள் பல கேமராக்களுக்குள் போய்விட்டன. மறுக்கலாம்தான். ஆனால் வந்த நன்றியை மைக்கின் முன் மறுத்த தலைவர் இந்த மாநிலத்தில் இன்னும் பிறக்கவில்லை. அவர் மேலும் ஒருமுறை கும்பிட்டார், இம்முறை தலையையும் ஆட்டினார். நாட்டுப்பண் தொடங்கியது.

பட்டியலில் இருந்த எல்லாப் பெயர்களும் வந்தன. பட்டியலில் இல்லாத பெயர்களும் வந்தன: மேஸ்திரி, ஆதிரை, கரிக்கடைக்காரர், ஷகிலாவின் மாமியார். என் பெயர் வரவில்லை. பட்டியலை எழுதியவன் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள முடியாதல்லவா. தகவலுக்காகக் குறிக்கிறேன்.

நான் இறுதி வரை உட்கார்ந்திருந்தேன். அது என் வேலை.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் மாநகராட்சி லாரி வந்தது. மயிலாத்தாள் நாளிதழைக் காட்டினார். கும்பிட்டபடி தலைவர், மேலே 'இஸ்திரித் தொழிலாளிக்கு நிரந்தர இடம்: கலை மையத் தலைவர் உறுதி' என்று தலைப்பு. அதிகாரி தலைவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "ஆமாங்க, நான் சொன்னா சொன்னதுதான்" என்றாராம் தலைவர். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. லாரி போய்விட்டது.

மாலையில் மதுவந்தி கூப்பிட்டார்.

"உங்க தொண்டை எப்படி இருக்கு விசாகன்?"

"பரவாயில்லை மேடம்."

"குரல் கிளியரா இருக்கே."

"மருந்து சாப்பிட்டேன்."

வெகுநேரம் என்னையே பார்த்தார். அவர் மக்கு இல்லை. இத்தனை நாள் நான் அப்படி நினைத்திருந்தது என் பிழை.

பிப்ரவரி 19, புதன்

தலைவரின் டிரைவர் ஒரு பட்டு வேட்டியை மயிலாத்தாளிடம் இஸ்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நம்ம அம்மா கையால் போட வேண்டும் என்று ஐயா ஆசைப்படுகிறாராம். நான் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

சமூகக் கலைத்திட்டம் 'மறுவடிவமைக்கப்படுகிறது'. சனிக்கிழமை வகுப்பு தொடரும். தலைவருக்கு அதன்மீது இப்போது தனிப் பிரியம், ஆண்டறிக்கையில் மயிலாத்தாளின் பேச்சுக்கு இரண்டு பக்கம், அது மதுவந்தியின் யோசனை என்ற குறிப்புடன். பெங்களூரிலிருந்து புது மேலாளர் வருகிறார். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப்படவில்லை. எனக்கு ஒரு பிரிவுபசாரம் நடத்தலாமா என்று கேட்டார்கள். நன்றியுரை யார் சொல்வார் என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 29, சனி

மேசையைக் காலி செய்துவிட்டுச் சட்டைகளை வாங்க மதிலோரம் போனேன். ஓவியத்தில் இருக்கும் பெண்ணை வண்டி பாதிக்கு மேல் மறைத்திருக்கிறது. அவளுடைய வெறுங்கை மட்டும் மயிலாத்தாளின் தலைக்கு மேலே நீண்டிருக்கிறது.

"போறீங்களாமா?" என்றார், பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஆமாக்கா."

"அன்னிக்கு உங்க பேரச் சொல்லலீன்னு வருத்தமுங்களா?"

"எனக்கு அதெல்லாம் கிடையாது."

"உங்க மொகத்தப் பாத்தனுங்க. நாட்டுப்பண்ணு போட்டப்பறமும் எம்பட வாயையே பாத்துட்டு நின்னீங்க." பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்க பேரச் சொன்னா அந்த அம்மா உங்கள அன்னிக்கே அனுப்பியிருக்கும்னு ஷகிலா சொன்னா. அதனாலதான் உட்டுட்டோம். இப்ப பாத்தா எப்படியும் அனுப்பிப்போட்டாங்க. சொல்லியே இருக்கலாம்."

அதுதான் காரணமாக இருக்கலாம். மறந்துபோய்விட்டு இப்போது சமாளிக்கவும் செய்யலாம். நல்ல நடிகை.

"சனிக்கிழமை வருவீங்கல்ல?" என்றார்.

"அங்க எனக்கு இனிமே வேலை இல்லையே."

"எங்களுக்கு மட்டும் அங்க என்னுங்க வேலை? செவுத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறவங்க எல்லாரும் வரலாம்னுதானுங்களே போர்டு போட்டிருக்குது. நீங்கதானே எழுதுனீங்க."

சட்டைகளை மடித்துக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையின் முதுகில், பழைய முக்கோணத்துக்குப் பக்கத்தில், இன்னொன்று.

அடுத்த சனிக்கிழமைக்கு அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். மற்றவை துவைக்கப் போட்டிருப்பதால்.